பொத்தானுக்குப் போட்ட வளையல்

ஆங்கிலத்தில் பொளந்துகட்டுகிறவர்கள் யாரும் ஆங்கில வார்த்தை விளையாட்டில் வெறிபிடித்து அலைந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது தட்டில் இருக்கிற சோறு. மேனேஜர் "ஹௌ ஆர் யூ" என்று கேட்டால் "யெஸ் சார்" என்று பதில் சொன்ன என்னைப் போன்றவர்களுக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் புதையல். அப்படி ஒரு புதையல் கிடைத்த சந்தோஷத்தில், ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் உற்பத்தியையே நான் தனி ஆளாக நிறுத்தினேன். (நிறுத்தினேன் என்றதும் கொடி, கோஷம், போராட்டம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு விவரமான ஆள் இல்லை.)

என் பெயர் மகேஸ்வரி. கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு டிரெய்னியாக வந்து சேர்ந்தேன். கார் கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பாகம் செய்கிற கம்பெனி அது. லைனில் நகர்ந்து வரும் தகட்டில் மோட்டாரை உட்கார வைத்து, ஸ்க்ரூ கன்னால் முறுக்கி, அடுத்த ஸ்டேஷனுக்கு விட வேண்டும். ஷிப்ட் முடியும்வரை இதே வேலைதான். ஆரம்பத்தில் கை தடுமாறும், பிறகு கை தன்பாட்டுக்குச் செய்யும். அப்போது மூளை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற மூளை வம்பு தேடும் என்பார்கள். என் மூளை வார்த்தை தேடியது.

அந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட் டில்லிபாபு. மண்ணூர்க்காரர். மெஷின் மக்கர் பண்ணினால் ஸ்பேனரோடு ஓடி வருகிற ஆள். அவரும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான் வருவார். எல்லா மெயின்டனன்ஸ் ஆட்களையும் கூப்பிடுவது போல அவரையும் "டில்லி அண்ணே" என்றுதான் அப்போது கூப்பிட்டேன். (இந்த விவரத்தை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்லத் தடை இருக்கிறது. காரணம் போகப்போகப் புரியும்.)

காலையில் எங்கள் பஸ் ஒரகடம் சந்திப்பு வரைக்கும் ராஜா மாதிரி வரும். அங்கே ஏதாவது ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அப்புறம் லாரி நகர்ந்தால் நாங்கள் நகர்வோம். பார்ப்பதற்கு அந்த லாரியின் நம்பர் பிளேட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இருக்காது. ஒருநாள் டில்லி அண்ணன் அதைக் காட்டி, "அந்த பிளேட்ல கீற எழுத்து எல்லாமே வர்ற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்த சொல்லு மகேசு, பாப்போம்" என்றார். நான் மதியம் கேன்டீனில்தான் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பைத்தியம்.

விதிகளை நாங்களே போட்டுக்கொண்டோம். T, N இரண்டும் பெரும்பாலும் இருக்கும். கூட இருக்கிற மற்ற எழுத்துகளும் வார்த்தைக்குள் வந்துவிட வேண்டும். முன்னே பின்னே வரலாம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் செல்லாது. போனைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, கேட்டிலேயே செக்யூரிட்டி போனை வாங்கி லாக்கரில் போட்டுவிடுவார். (எழுத்தைப் போட்டால் வார்த்தையை அள்ளிக்கொட்டுகிற வலைத்தளங்கள் இருப்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த அன்று ஒரு வேளை சோறு இறங்கவில்லை.) வார்த்தை கிடைத்தவர் கேன்டீன் மேசையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். முதலில் அடித்தவருக்கே வார்த்தை. இந்த விதி நான் போட்டது. இல்லாவிட்டால் டில்லி அண்ணன் "நானும் அதத்தான் நெனச்சிகினு இருந்தேன்" என்று கூசாமல் சொல்லுவார். புதன்கிழமைதோறும் கேன்டீனில் கேசரி போடுவார்கள். புதன்கிழமை தோற்றவர் தன் கேசரியை ஜெயித்தவர் தட்டில் போட்டுவிட வேண்டும்.

இப்படியே விளையாடி விளையாடி, என் மூளைக்கும் வலது கைக்கும் நடுவில் ஒரு கம்பி இழுத்த மாதிரி ஆகிவிட்டது. வார்த்தை வந்தால் கை இறங்கும். குளிக்கும்போது வார்த்தை வந்தால் பக்கெட்டுக்கு அடி. ஹாஸ்டலில் ஒருமுறை தூக்கத்திலேயே பக்கத்துப் படுக்கைக்காரி முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, "கிச்சன்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேனாம். அவள் அதற்குப் பிறகு ஜன்னலோரமாக இடம் மாறிப் போய்விட்டாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் எனக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. டிரெய்னி காலம் முடியப் போகிறது. பெர்மனன்ட் ஆவேனா மாட்டேனா என்று தெரியவில்லை. அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, பெர்மனன்டு ஆனா அங்கன இருந்துக்கோ. ஆவலன்னா தையில மூட்டயக் கட்டிட்டு வந்துரணும். அத்த மவன் எம்புட்டு நாளைக்குத்தான் காத்துக் கெடப்பான்?"

அத்தை மகன் நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போன் பண்ணினால் "சாப்டியா" என்பதற்கு அடுத்த வாக்கியத்திலிருந்து கோழிப் பண்ணைதான். கோழிக்குத் தீவனம், கோழிக்குச் சீக்கு, கோழிக்குக் காற்றோட்டம். ஒருநாள் அவரோடு பேசி முடித்து போனை வைத்தபோது நானே முட்டை போட்டுவிடுவேன் போலிருந்தது. எனக்கு ஒரகடம் பிடித்திருந்தது. புழுதி, லாரி, வெயில் எல்லாவற்றோடும் பிடித்திருந்தது. சொந்தமாக முடிவெடுத்து நான் வாழ்ந்த முதல் இடம் அது. அதை விட்டுப் போக மனசு துளியும் இல்லை.

பெர்மனன்ட் ஆக எங்கள் கம்பெனியில் ஒரு நிபந்தனை உண்டு. டிரெய்னி ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கைசனாவது இருக்க வேண்டும். கைசன் என்றால் வேலையைச் சுலபமாக்கவோ தப்பு நடக்காமல் தடுக்கவோ நாமே யோசித்துச் செய்கிற சின்ன மாற்றம். கூட வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று செய்து போட்டோவோடு போர்டில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் முட்டை. எழுதிக் கொடுக்காமல் இல்லை. ஃபேனை என் பக்கம் திருப்பினால் உற்பத்தி கூடும் என்று எழுதிக் கொடுத்தேன். "யார் உற்பத்தி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் புரொடக்‌ஷன் மேனேஜர் ரங்கராஜன் சார். கேசரியை வெள்ளிக்கிழமையும் போட்டால் ஆட்கள் லீவு எடுக்க மாட்டார்கள் என்று இன்னொன்று. அது திரும்பிக்கூட வரவில்லை. 

டில்லி அண்ணன்தான் தேற்றுவார். "யோசிச்சிகினே இரு மகேசு. வார்த்த வர்ற மாதிரி அதுவும் ஒரு நாள் பட்டுனு வரும்."

வந்தது. எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

அந்தப் புதன்கிழமை காலை பஸ் ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னால் மாட்டியது. பிளேட்டில் T, N. அடுத்து B, Q. பஸ்ஸில் எனக்கும் அவருக்கும் மட்டும் முகம் சுருங்கியது, மற்றவர்களுக்கு அது வெறும் லாரி. Q இருக்கிற வார்த்தையே கைவிரலுக்குள் அடங்கும். அதில் B வேறு.

"பொக்கே" என்று சீட்டுக் கம்பியில் ஒரு அடி அடித்தேன்.

டில்லி அண்ணன் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து விரல் விட்டு எண்ணினார். "B கீது. Q கீது. கடைசில T கூட கீது. N இன்னா ஆச்சு?"

N இல்லை. எங்கே தேடினாலும் இல்லை.

"கேசரி எனக்குத்தான்" என்று போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து கம்பெனிக்கு விருந்தாளிகள். எங்களிடம் பாகம் வாங்குகிற கொரியக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் ஆடிட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்காக கேட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் பொக்கேக்கள் நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை பூ வைத்தவர்கள் ஒரு N வைக்கக் கூடாதா?

ஷிப்ட் தொடங்கும் முன் ரங்கராஜன் சார் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். "இன்னிக்கு ஒரு விஷயம்தான் கேட்டுக்கறேன். லைன் நிக்கக் கூடாது. லைன் நின்னா என் மூச்சு நின்ன மாதிரி." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். யாரைவிடவும் வேகமாக ஆட்டியது நான்தான். பெர்மனன்ட் விவகாரம் அவர் கையில் இருக்கிறதே.

லைன் ஓடத் தொடங்கியது. கை மோட்டாரை வைத்தது, முறுக்கியது, அனுப்பியது. மூளை B, Q, T, N என்று சுற்றிச் சுற்றி வந்தது. சற்று நேரத்தில் விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள். முன்னால் ரங்கராஜன் சார் பின்பக்கமாக நடந்தபடி விளக்கிக்கொண்டே வந்தார். நடுவில் மூத்தவர், கிம் சார். சிரிப்பு என்பதை எங்கோ லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த முகம். அவர் பக்கத்தில் மொழிபெயர்க்கிற பெண் நிவேதா. காஞ்சிபுரத்துப் பெண், கொரிய சீரியல் பார்த்துப் பார்த்தே பாதி கொரிய மொழி கற்று, மீதியை வகுப்பில் படித்தவள்.

அவர்கள் என் ஸ்டேஷனை நெருங்கும்போது பார்த்தேன், கிம் சாரின் தோளில் பொக்கேயிலிருந்து உதிர்ந்த ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. ரோஜா. பூ. மாலை. போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் லைன் பெண் ஒருத்தியின் ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் கூட ரோஜாவால்தான் வளைவு கட்டியிருந்தார்கள். வளைவுக்கு மேலே மண்டபத்தின் போர்டு. பந்தியில் இடம் கிடைக்கும்வரை நான் அந்த போர்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். பேங்க்வெட் ஹால். பேங்க்வெட். B இருக்கிறது. N இருக்கிறது. Q இருக்கிறது. T இருக்கிறது.

கை இறங்கிவிட்டது.

என் வலது கை இறங்குகிற இடத்தில் கேன்டீன் மேசை இல்லை. லைனை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் இருந்தது. சரியாக உள்ளங்கை அகலம். காளான் மாதிரி குடை விரித்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் விழுந்த அடியின் சத்தம் எனக்கே கேட்டது.

லைன் நின்றது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. கூடவே பாட்டு. எங்கள் லைன் நின்றால் எல்லோருக்கும் தெரிவதற்காக ஒரு ட்யூன் ஒலிக்கும். குல்ஃபி வண்டியில் போடுவார்களே, அந்த ரகம். மறுபடி லைன் ஓடும்வரை அது ஓயாது. அந்தப் பாட்டின் பின்னணியில் ரங்கராஜன் சாரின் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

"என்னம்மா ஆச்சு?" என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். வாய் தானாகத் திறந்தது. "மெஷின்ல... ஒரு மாதிரி சத்தம் வந்துச்சு சார்."

அவருக்கு உயிர் திரும்பியது. சட்டென்று நிமிர்ந்து விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "எங்க ஆபரேட்டர்ஸுக்கு அவ்ளோ சுதந்திரம் குடுத்திருக்கோம். சின்னதா ஒரு சந்தேகம்னாலும் லைனை நிறுத்தலாம். பாருங்க, டிரெய்னி பொண்ணு. எவ்ளோ பொறுப்பு." நிவேதா அதைக் கொரிய மொழியில் சொன்னாள். மூன்று பேரும் எனக்குக் கை தட்டினார்கள். நானும் குனிந்து வணக்கம் வைத்தேன். (வெட்கம் என்பதே இல்லாமல் வைத்தேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

அதோடு லைனை ஓட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் லைனை ஓட்டக் கூடாது என்பது கிம் சாரின் கொள்கை. அவர் கோட்டைக் கழற்றி நிவேதா கையில் கொடுத்துவிட்டு, குனிந்து என் மெஷினில் காதை வைத்தார். மெயின்டனன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

டில்லி அண்ணன் ஸ்பேனரோடு ஓடி வந்தார். மெஷினின் மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டபடி கிசுகிசுத்தார். "இன்னா சத்தம்?"

நானும் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்தேன். "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணே. பேங்க்வெட்."

ஸ்பேனர் பிடித்த கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எண்ணுகிறார். "அட, ஆமா. N கூட கீது" என்றார். மெஷினுக்குள்ளே அவர் முகம் மலர்ந்தது எனக்குத் தெரிந்தது. பிறகுதான் நிலவரம் உறைத்திருக்கிறது. "அய்ய, அதுக்கா அட்ச்ச? இப்ப இல்லாத சத்தத்த நான் எங்கேந்து எத்துகினு வர்றது?"

எங்கிருந்து எடுத்து வருவார், பாவம். இங்கே தட்டினார், அங்கே தட்டினார், ஒரு போல்ட்டைக் கழற்றி உற்றுப் பார்த்து மறுபடி மாட்டினார். கிம் சார் டார்ச்சை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பேரிங்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். மோட்டாரைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். எல்லாம் முத்து முத்தாக இருந்தது. பக்கத்து ஸ்டேஷனையும் பார்க்கலாம் என்றார். இந்த வேகத்தில் போனால் சாயங்காலத்துக்குள் கூரையையும் கழற்றிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. குல்ஃபி வண்டி பாடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ரங்கராஜன் சாரின் பொறுமை கழன்றது. "டில்லி, நேத்து இந்த மெஷினை சர்வீஸ் பண்ணது நீதானே? என்னத்தைப் பண்ணே? கெஸ்ட் முன்னாடி மானத்தை வாங்குறியே."

டில்லி அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாரி சார், நான்தான் எதுனா வுட்டிருப்பேன்" என்றார்.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் பெர்மனன்ட் போகும், தை மாதம் கோழிப் பண்ணை. சொல்லாவிட்டால் நான் அடித்த அடிக்கு அவர் வாங்கிக்கொள்வார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"சார், டில்லி அண்ணன் மேல தப்பில்ல. மெஷின் மேலயும் தப்பில்ல. சத்தமே வரல. எனக்கு ஒரு வார்த்த கெடச்சுது சார், அதான் அடிச்சுட்டேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் செம்பரம்பாக்கம் ஏரி மதகைத் திறந்துவிட்ட மாதிரி கண்ணீர் கொட்டியது.

ரங்கராஜன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன வார்த்தை?"

"பேங்க்வெட் சார்."

அவர் நிவேதாவைப் பார்த்தார். இதை மட்டும் மொழிபெயர்த்துவிடாதே தாயே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஆனால் நிவேதா கடமை தவறாத பெண். அவள் ஏற்கெனவே மொழிபெயர்த்து முடித்திருந்தாள்.

கிம் சார் எழுந்து நின்றார். கையைத் துடைத்துக்கொண்டார். வெள்ளை போர்டைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும், எந்தக் கோளாறு வந்தாலும் ஐந்து முறை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் மூல காரணம் பிடிபடும் என்பது இந்தக் கம்பெனிகளின் வேதம். மெஷினுக்குக் கேட்பார்கள், பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கேட்டார்கள்.

"லைன் ஏன் நின்னுச்சுன்னு சார் கேக்கறாங்க" என்றாள் நிவேதா.

"நான் பொத்தான அடிச்சேன்."

"ஏன் அடிச்சீங்க?"

"வார்த்த கெடச்சுது."

"வார்த்தை கிடைச்சா ஏன் அடிக்கணும்?"

"அதுதான் எங்க வெளையாட்டோட ரூலு."

"ஏன் அப்படி ஒரு ரூல்?"

"இல்லன்னா டில்லி அண்ணன் ஏமாத்திருவாரு."

"இன்னா மகேசு, இத்தினி பேரு எதுருல..." என்று டில்லி அண்ணன் ஆரம்பித்தார். ரங்கராஜன் சார் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

கிம் சார் எல்லாவற்றையும் அவர் மொழியில் போர்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு ஐந்தாவதைக் கேட்டார். "அவர் ஏன் ஏமாத்தணும்?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேசரிக்காக" என்றேன்.

நிவேதா முதல்முறையாகத் திணறினாள். கேசரிக்குக் கொரிய மொழியில் வார்த்தை இல்லை போலிருக்கிறது. அவள் பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே போனாள். நடுநடுவே கையால் கிளறிக் காட்டினாள், முந்திரியை இரண்டு விரலால் தூவிக் காட்டினாள், நெய் மிதப்பதைக் கண்ணாலேயே காட்டினாள். மூன்று கொரியர்களும் எச்சில் விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கிம் சார் தலையசைத்துவிட்டு போர்டின் அடியில் ஏதோ எழுதி இரண்டு கோடு போட்டார். நிவேதா படித்துச் சொன்னாள்.

"மூல காரணம்: கேசரி."

லைனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரங்கராஜன் சார் சிரிக்கவில்லை. "இந்தப் பொண்ணுக்கு வார்னிங் குடுத்துடறோம். இனிமே கம்பெனிக்குள்ள விளையாட்டே கிடையாது. கேசரியும் நிறுத்திடறோம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு லைன் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. எனக்கு பஸ்ஸில் இனி யார் இடம் கொடுப்பார்கள் என்ற பயம் வந்தது.

கிம் சார் கையை அசைத்து மறுத்தார். நிவேதா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஆளைத் திட்டுறது தீர்வு கிடையாதாம். இன்னிக்கு இவங்களைத் திட்டினா நாளைக்கு வேற ஒருத்தர் வேற எதையோ நினைச்சுக்கிட்டு அடிப்பாங்களாம். மனுஷங்கன்னா எதையாவது நினைச்சுக்கிட்டுதான் வேலை செய்வாங்களாம். பொத்தானை மாத்துங்கன்னு சொல்றாங்க."

எப்படி மாற்றுவது என்று எல்லோரும் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றோம். டில்லி அண்ணன் மட்டும் என் கையைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். திடீரென்று ஒர்க்‌ஷாப் பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது கையில் அகலமான பிவிசி குழாயிலிருந்து அறுத்த ஒரு வளையம். விளிம்பை அரம் போட்டு வழவழப்பாக்கி, மஞ்சள் டேப்பை அழகாகச் சுற்றியிருந்தார். அதைப் பொத்தானைச் சுற்றி மாட்டினார். வளையம் பொத்தானைவிடக் கொஞ்சம் உயரமாக நின்றது. விரலை உள்ளே விட்டு வேண்டுமென்றே அழுத்தினால் அழுந்தும். உள்ளங்கையால் தெரியாமல் அடித்தால் வளையத்தில்தான் படும்.

"அடி" என்றார் என்னிடம்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கிம் சார் என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே வந்து ஓங்கி ஒரு அடி அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று அடித்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், "பேங்க்வெட்" என்று சொல்லி ஒன்று அடித்தார். லாக்கரில் பூட்டி வைத்திருந்த சிரிப்பு கொஞ்சம் வெளியே வந்தது. லைன் ஓடத் தொடங்கியது. குல்ஃபி வண்டி ஒருவழியாக ஓய்ந்தது.

போவதற்கு முன் கிம் சார் ஒன்று கேட்டார். இந்த வளையம் யாருடைய யோசனை?

"டில்லி அண்ணனோடது" என்றேன் நான்.

"மகேசுது சார்" என்றார் டில்லி அண்ணன். "கைசன் போர்டுல அவங்க பேரப் போடுங்க."

"டேய், நீதானே குழாயை அறுத்துக்கிட்டு வந்தே?" என்றார் ரங்கராஜன் சார்.

"அறுத்தது நான் சார். ஆனா அவங்க கை இல்லன்னா இந்த யோசன எனக்கு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. நான் ஏற்கெனவே பெர்மனன்ட். எனக்கு இன்னாத்துக்கு இது?"

ரங்கராஜன் சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிம் சார் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். "சரி, மகேஸ்வரி" என்றார், ஒரு பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர் போல. நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். இந்த முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மதியம் கேன்டீனில் டில்லி அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார். தன் கேசரியை என் தட்டில் தள்ளினார்.

"நீங்க சாப்புடுங்க அண்ணே" என்றேன்.

"ரூலுன்னா ரூலு. நீதான் மொதல்ல அட்ச்ச" என்றார். "ஊரே பாத்துச்சே."

நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

அந்த மாதம் பெர்மனன்ட் ஆனேன். என் பெயரில் இருந்த ஒரே கண்டுபிடிப்பு, என்னிடமிருந்து கம்பெனியைக் காப்பாற்றுவதற்கான கண்டுபிடிப்பு. அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் "எம் மவ கம்பெனியில என்னமோ கண்டுபுடிச்சிருக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அத்தை மகனுக்கு வேறு நல்ல பெண் கிடைத்தாள். அவளுக்குக் கோழி என்றால் உயிராம். கடவுள் இருக்கிறார்.

மஞ்சள் வளையம் எங்கள் லைனின் எல்லாப் பொத்தானுக்கும் வந்தது, பிறகு அடுத்த லைனுக்கு. எழுத்தில் அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்தார்கள், யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது மகேஸ்வரி வளையல்தான். புதிதாக வருகிற டிரெய்னிகளுக்கு இன்றைக்கும், "லைனை நிறுத்தணும்னா மகேஸ்வரி வளையலுக்குள்ள விரலை விட்டு அமுக்கு" என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். சிலர் அது ஏதோ செத்துப்போன அம்மாள் பெயர் என்று நினைத்துக்கொண்டு, என்னை நேரில் பார்த்ததும் திடுக்கிட்டிருக்கிறார்கள்.

இரண்டு வீட்டாரும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு, பிறகு இளகி, மண்ணூரிலேயே கல்யாணம் நடந்தது. என் வளைகாப்பு அன்று லைன் பெண்கள் காலை ஷிப்டை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு நேராக வந்தார்கள். கண்ணாடி வளையல்கள் அடுக்கிய தட்டோடு வந்து வரிசையாக எனக்குப் போட்டுவிட்டார்கள். கடைசியாக ஒருத்தி தட்டின் அடியிலிருந்து மஞ்சள் டேப் சுற்றிய பிவிசி வளையம் ஒன்றை எடுத்து என் வலது கையில் மாட்டினாள். கூடத்தில் ஒரே சிரிப்பு. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா மட்டும் திருதிருவென்று விழித்தாள்.

"ஏட்டி, இது என்ன வளையலு? கொழா மாதிரி இருக்கு."

வாசல் பக்கம் நின்ற டில்லி உள்ளே எட்டிப் பார்த்தார். "அத்தே, அதான் மொத வளையலு. நான் போட்டது. மத்ததெல்லாம் அப்பால வந்தது."

அம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வளையல் கை முழுக்க இருந்ததால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நாங்கள் இருவரும் நம்பர் பிளேட் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து அவளும் பழகிவிட்டாள். வார்த்தை வந்தால் அவளுக்கும் கை இறங்குகிறது. என் லேப்டாப்பில் ஒருமுறை இறங்கியது. மிக்ஸியில் ஒருமுறை இறங்கி, மூடி போடாத ஜாரிலிருந்து தேங்காய்ச் சட்னி கூரை வரை போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு டில்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டில் இருக்கிற பொத்தானுக்கெல்லாம் குழாய் அறுத்து மஞ்சள் வளையம் மாட்டிவிட்டார். மிக்ஸிக்கு, மோட்டார் சுவிட்சுக்கு, கடைசியில் வாசலில் காலிங் பெல்லுக்கும்.

போன வாரம் கூரியர் கொடுக்க வந்தவர் விரலை உள்ளே விட்டு பெல் அடித்துவிட்டு, கதவைத் திறந்த என் மகளிடம், "இன்னா பாப்பா, பெல்லுக்கு எதுக்கு வளையல் போட்டுகீறீங்க?" என்று கேட்டார்.

"அது பெரிய கதை அங்கிள்" என்றாள் அவள். "மூல காரணம் கேசரி."